ஆர்.சி. புத்தகம் குண்டலுபேட்டையில் இருக்கிறது

மண்டி மொஹல்லா, மைசூர்
4 பிப்ரவரி 2024

தங்கை ஜூலிக்கு,

உன் நம்பரைப் போனிலிருந்து எடுத்துவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன். போன் என்றால் பாதிப் பேச்சில் வைத்துவிடுவாய். காகிதத்தைப் பாதியில் கிழித்தாலும் மீதி உன் கையில் இருக்கும்.

விஷயம் ஒன்றுதான். வேனின் ஆர்.சி. புத்தகம் உன்னிடம் இருக்கிறது. மாப்பிள்ளை கார்ல் இறந்தபின் அதை உன் பேருக்கு மாற்றினாய். முறைதான், அதில் எனக்குக் குறை இல்லை. வண்டி ஓடத் தயாராகிவிட்டது. எஃப்.சி. தகுதிச் சான்றுக்குக் கொண்டுபோகப் புத்தகமும் உன் கையெழுத்தும் வேண்டும். பதிவுத் தபாலில் அனுப்பு.

தயார் என்று சும்மா சொல்லவில்லை. பள்ளிக்கூடம் கழித்துப்போட்ட அந்த வேனை நானும் மாப்பிள்ளையும் வாங்கி, உள்ளே கட்டிலும் அடுப்பும் வைத்து, மூன்று பேருமாகக் கோழிக்கோட்டுக் கடற்கரையில் கொண்டுபோய் நிறுத்துவது என்று முடிவு செய்து ஒன்பது வருடம் ஆகிறது. அதில் கடைசி இரண்டு வருடம் நான் ஒருவனே வேலை செய்தேன். துருப்பிடித்த தரையை வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்து ரிவெட் அடித்தேன். கூரை ஒழுகலை அடைத்தேன். பிளைவுட்டில் ஆறடிக் கட்டில், கீழே மூன்று இழுப்பறை. தண்ணீர் கேனுக்கு பம்ப், அதற்குத் தனி பேட்டரி. செல்ஃப் ஒரே தட்டில் எடுக்கிறது. எந்தப் பட்டறையிலும் நான் கற்றவன் இல்லை என்பது உனக்குத் தெரியும். கல்லூரி லேபில் குடுவை கழுவியவன் தானாகப் பார்த்துப் பார்த்துச் செய்தது.

சில்லறைக் குறை இரண்டு உண்டு. பம்ப் சுவிட்சைப் போட்டால் ஹாரன் அலறுகிறது. இப்போது வரும் ஒயர்களில் நீலத்துக்கும் கறுப்புக்கும் வித்தியாசமே இல்லை, அப்படிச் சாயம் போடுகிறார்கள். இரண்டாவது, வெளியே துரு இருந்த இடங்களில் பட்டி வைத்துத் தேய்த்து, பழைய நிறத்துக்குச் சரியாகப் பெயின்ட் அடித்தேன். பக்கத்தில் ஆட்டோ நிறுத்தும் மல்லப்பன் வந்து பார்த்துவிட்டு, "சார், இது வேனா, ஹசுவா?" என்றான். பசுவாம். திட்டுத் திட்டாக இருக்கிறதாம். அவன் ஆட்டோவின் லட்சணம் எனக்குத் தெரியாதா?

நம் சொந்தக்காரப் பெண் ஜேன் கல்யாணத்தில் நீ சொன்னதை மறந்துவிட்டேன் என்று நினைக்காதே. கையில் பிரியாணித் தட்டோடு நாற்பது பேர் நிற்க, "அண்ணன் ஓட்டினா நான் அந்த வண்டியில ஏற மாட்டேன்" என்றாய். ஐம்பது வருடம் வண்டி ஓட்டியவனைப் பார்த்து. அதற்கு விளக்கம் கேட்கவில்லை. புத்தகம் மட்டும் போதும்.

இப்படிக்கு,
அமலதாஸ்


குண்டலுபேட்டை
9 பிப்ரவரி 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

கடிதம் நேற்று வந்தது. கிழிக்கவில்லை. இரண்டு தடவை படித்தேன்.

நீங்கள் கேட்காத விளக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். கண் வார்டில் இருபத்தாறு வருடம் நர்ஸாக நின்றவள் நான். நீலமும் கறுப்பும் ஒன்றாகத் தெரிகிறது என்று ஒருவர் சொன்னால் ஒயர் கம்பெனியை நான் சந்தேகிக்கமாட்டேன். அந்த வண்டி கிரீம் நிறம். நீங்கள் அடித்திருப்பது வெள்ளை என்று பார்க்காமலே சொல்வேன். புரை விழுந்த கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். கிறிஸ்துமஸ் பூசையில் எல்லோரும் ஒரு பாட்டைப் பாட, நீங்கள் பக்கத்து எண்ணில் இருந்த பாட்டை உரக்கப் பாடினீர்கள். நான் உங்கள் பக்கத்தில்தான் நின்றேன். அன்றைக்கே தெரிந்துவிட்டது. கல்யாணத்தில் அத்தனை பேர் முன்னால் சொன்னது தப்புதான். தனியாகச் சொல்லியிருக்கலாம். தனியாகச் சொன்னால் நீங்கள் கேட்டிருப்பீர்களா?

கண் டாக்டரின் சீட்டு வரட்டும், மறுநாளே புத்தகம் வரும். ஒன்பது கொண்டை ஊசி வளைவு இறங்கித்தான் கோழிக்கோடு.

இத்துடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன். ஆறு வரி எழுதியிருக்கிறேன், மூன்று தமிழ், மூன்று கன்னடம், மாற்றி மாற்றி. சுவரில் ஒட்டி, பத்தடி தள்ளி நின்று, இடது கண்ணை மூடிக்கொண்டு வாசியுங்கள். வாசித்ததை எழுதி அனுப்புங்கள்.

இன்னொன்று. எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தே இரண்டு வருடம் போய்விட்டது. அவர் ஆஸ்பத்திரியில் பத்தொன்பது நாள் கிடந்தார். நீங்கள் வந்தது இரண்டு தடவை. மற்ற நாளெல்லாம் அந்த வண்டிக்கு அடியில் படுத்துக் கிடந்தீர்கள். உங்களுக்கு இரும்பு முக்கியமாக இருந்தது.

தங்கை,
ஜூலி


மண்டி மொஹல்லா, மைசூர்
15 பிப்ரவரி 2024

ஜூலிக்கு,

நேற்று சாம்பல் புதன். தவக்காலத்தில் கோபத்தோடு எழுதக்கூடாது என்று ஒருநாள் பொறுத்து எழுதுகிறேன். கோபம் அப்படியேதான் இருக்கிறது.

உன் பரீட்சையை எழுதிவிட்டேன். இரண்டாவது வரி: ஆறு பாளெஹண்ணு. நான்காவது: நஞ்சன்கூடு ரஸ்தெ. ஆறாவது: ஹொஸ பஸ் நில்தாண. மற்ற மூன்று வரிகளில் மை மங்கியிருந்தது. எழுதும்போது பேனாவை உதறி எழுது. பாதி சரியாகச் சொன்னவனுக்குப் பாஸ் மார்க் போடுவதுதான் உலக வழக்கம்.

கொட்டகையில் வெளிச்சம் குறைவு. ஒயர் குழப்பம் அதனால் வந்தது. வேறு ஒன்றும் இல்லை.

மாப்பிள்ளையைப் பற்றி எழுதியிருக்கிறாய். நான் வந்த இரண்டு தடவையும் அவர் என்ன கேட்டார் என்று உனக்குத் தெரியாது. நீ மருந்து வாங்கப் போயிருந்தாய். "மச்சான், வண்டி எவ்வளவு தூரம் வந்திருக்கு?" என்று கேட்டார். முதல் தடவை, தரை முடியவில்லை என்றேன். இரண்டாவது தடவையும் அதையேதான் சொல்ல வேண்டியிருந்தது. அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தரையை முடித்துவிட்டுத்தான் மூன்றாவது தடவை வருவது என்று இருந்தேன். தகடு கிடைக்கத் தாமதமாகிவிட்டது.

புத்தகத்தை அனுப்பு.

அமலதாஸ்


குண்டலுபேட்டை
20 பிப்ரவரி 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

ஆறு வாழைப்பழம், நஞ்சன்கூடு ரோடு, புது பஸ் நிலையம் என்று நீங்கள் வாசித்த மூன்று வரியும் கன்னடம். மை மங்கிய மூன்று வரியும் தமிழ். ஒரே பேனா, ஒரே உட்காரலில் எழுதியது.

தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவர் நீங்கள். கன்னடத்தை பஸ் போர்டு பார்த்து எழுத்துக்கூட்டக் கற்றீர்கள். கன்னடம் மட்டும் தெரிந்து தமிழ் தெரியாத கண் உலகத்தில் ஒன்று இருந்தால் அது உங்களுடையது அல்ல, மல்லப்பனுடையது. அவனுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. தாளுக்கு முன்னால் நின்றது அவன். நீங்கள் பின்னால் நின்று எழுதிக்கொண்டீர்கள்.

சிரிப்பு வந்தது. பக்கத்து வீட்டு நாச்சம்மாளிடம் சொல்லி அவளும் சிரித்தாள். பிறகு இரண்டு பேருமே சிரிப்பை நிறுத்திவிட்டோம். அண்ணா, வலது கண்ணில் ஒரு வரிகூடத் தெரியவில்லையா?

அவர் கேட்டதை நீங்கள் முதலிலேயே என்னிடம் சொல்லியிருக்கலாம். அதைப் பற்றி இப்போது எழுத வரவில்லை.

புத்தகம் பீரோவில் இருக்கிறது. சீட்டு வரட்டும்.

ஜூலி


மண்டி மொஹல்லா, மைசூர்
25 பிப்ரவரி 2024

ஜூலிக்கு,

அண்ணனை அயலாரிடம் சொல்லிச் சிரிக்கிறாய். நல்லது.

உன் புத்தகம் பீரோவிலேயே இருக்கட்டும். பூச்சி உருண்டை போட்டு வை. எஃப்.சி. இல்லாமல் ரோட்டில்தான் ஓட்டக்கூடாது. எங்கள் சந்துக்குள் எடுத்து ஒரு சுற்று வர எவனுடைய கையெழுத்தும் தேவையில்லை. வண்டி என்ன நிலையில் இருக்கிறது என்று நாலு பேர் பார்க்கட்டும். ஓட்டுகிறவனின் கண் என்ன நிலையில் இருக்கிறது என்றும் பார்க்கட்டும்.

இனி எழுத வேண்டாம்.

அமலதாஸ்


குண்டலுபேட்டை
6 மார்ச் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். எழுதுகிறேன்.

மல்லப்பன் போன் செய்தான். சொல்லக்கூடாது என்று நீங்கள் சத்தியம் வாங்கியிருக்கிறீர்கள் போலிருக்கிறது. "அக்கா, நான் உங்ககிட்ட ஒண்ணும் சொல்லல. சும்மா கேக்கறேன், சார் ஊட்டா பண்ணாம நாலு நாளா கொட்டகையில குந்தியிருக்காரு, நீங்க ஏதாவது பேசினீங்களா?" என்றான். நீங்கள் சாப்பிடவில்லை என்பதைத்தான் அப்படிக் கேட்டான். மீதியை நான் கேட்டுக் கேட்டு வாங்கினேன். பூக்காரப் பசம்மாவின் மேசை என்றான். ஆளுக்கு ஒன்றும் இல்லை என்றான். அதை மூன்று தடவை கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

உங்களைக் குற்றம் சொல்ல எழுதவில்லை. சாப்பிடுங்கள். என்ன நடந்தது என்று உங்கள் வாயால் கேட்க வேண்டும். இங்கிருந்து ஒன்றரை மணி நேரம்தான், வந்திருப்பேன். வந்தால் நீங்கள் கதவைத் திறப்பீர்களா என்று தெரியவில்லை.

ஜூலி


மண்டி மொஹல்லா, மைசூர்
13 மார்ச் 2024

ஜூலிக்கு,

கேட்டாய், சொல்கிறேன். ஒரு தடவைதான் சொல்வேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி. நல்ல வெளிச்சம். இருட்டு என்று சொல்ல வழியில்லை. கொட்டகையிலிருந்து வண்டியை எடுத்தேன். இன்ஜின் சத்தம் கேட்டு மாடியிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. சந்து முனையில் வலப்பக்கம் ஒடித்தேன். கீழே ஏதோ நொறுங்கியது. காய்ந்த கிளை என்று நினைத்து இன்னும் இரண்டடி போனேன்.

பசம்மா டீக்கடையிலிருந்து கத்திக்கொண்டே ஓடிவந்தாள். "அய்யோ, நன்ன ஹூவு, என் பூவெல்லாம் போச்சு! ஏன் ஸ்வாமி, இத்தனை பெரிய மேசை உங்க கண்ணுக்குக் காணலியா? பதினெட்டு வருஷமா அதே ஜாகாவுல போட்டிருக்கேன்!" இறங்கிப் பார்த்தேன். மேசை சக்கரத்துக்கு அடியில். மல்லிகைப் பந்து எல்லாம் தரையில். ஈரச் சாக்கும் மேசையும் ரோடும் எனக்கு ஒரே சாம்பல் நிறமாகத் தெரிந்தன. அவள் உட்காரும் முக்காலியும் கீழே கிடந்தது. டீ குடிக்க எழுந்துபோய் மூன்று நிமிடம் ஆகியிருந்தது என்று டீக்கடைக்காரன் சொன்னான்.

மூன்று நிமிடம்.

வண்டியை மல்லப்பன் பின்னால் எடுத்துக் கொட்டகையில் விட்டான். நான் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. அன்றிலிருந்து தொடவில்லை.

வண்டிக்கென்று வைத்திருந்த பிளைவுட்டில் அவளுக்குப் புதிய மேசை செய்து கொடுத்தேன். உயரம் சரியாக இருக்கிறதா என்று கேட்டதற்கு, "மேசை சரி. நாலு காலில் ஒரு கால் ஜோராக் குட்டையா இருக்கு" என்றாள். காலுக்கு அடியில் ஓட்டாஞ்சில்லு வைத்துக்கொண்டாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

நீ சொன்னதெல்லாம் சரி என்று நான் எழுதவில்லை. அப்படிப் படித்துக்கொள்ளாதே. கல்யாணத்தில் நீ பேசியது பேசியதுதான். ஆனால் மூன்று நிமிடத்தைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

அமலதாஸ்


குண்டலுபேட்டை
18 மார்ச் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

படித்தேன். கொஞ்ச நேரம் அழுதேன், பசம்மாவுக்காக இல்லை. முக்காலிக்கு முன்னால் நீங்கள் நின்றதை நினைத்து.

டாக்டரிடம் போங்கள் என்று இந்தக் கடிதத்தில் எழுதப்போவதில்லை. நான் சொல்லிப் போனதாக ஆகிவிட்டால் நீங்கள் போகமாட்டீர்கள்.

அவரைப் பற்றி இப்போது எழுத வருகிறது. கடைசி வாரத்தில் அவருக்குத் தூக்கம் வராமல் இருந்தபோது, அந்த வண்டியில் கட்டிலை எந்தப் பக்கம் போடுவது என்று என்னிடம் மணிக்கணக்காகப் பேசினார். இடது பக்கம் போட்டால் காலையில் வெயில் முகத்தில் அடிக்கும் என்றார். எனக்கு எரிச்சலாக இருந்தது. என்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் கட்டிலைப் பற்றிப் பேசுகிறாரே என்று. அந்தக் கோபத்தை அவர்மேல் காட்ட முடியவில்லை. உங்கள்மேல் காட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். நீங்கள் இன்னும் கொஞ்சம் அடிக்கடி வந்திருக்கலாம் என்பதில் மாற்றமில்லை. ஆனால் இரும்பு முக்கியமாக இருந்தது என்று எழுதினேனே, அதை எடுத்துவிடுங்கள்.

ஜூலி


மண்டி மொஹல்லா, மைசூர்
5 ஏப்ரல் 2024

ஜூலிக்கு,

இதைக் கூரியரில் அனுப்புகிறேன். நாளைக் காலை கிடைக்கும். உள்ளே கனமாக இருப்பது வேனின் சாவி. உன் தலையணையின் கீழ் வைத்துக்கொள். காரணம் பிறகு சொல்கிறேன்.

ஈஸ்டர் முடிந்த செவ்வாய்க்கிழமை வலது கண்ணில் ஆபரேஷன் செய்துகொண்டேன். நீ சொன்னதற்காக இல்லை. மல்லப்பன் ஆட்டோவில் போனேன், அதிலேயே திரும்பினேன். அங்கே இருந்த டாக்டர் சின்னப் பெண். "இவ்வளவு முத்த விட்டுட்டீங்களே தாத்தா, எப்படி நடமாடினீங்க?" என்றாள். நடமாடினேன், கட்டில்கூடச் செய்தேன் என்றேன். இடது கண் மே மாதத்தில்.

கட்டு அவிழ்த்த அன்று நேரே கொட்டகைக்குப் போனேன். நீல ஒயர் நீலமாக இருந்தது. இவ்வளவு நீலத்தை நான் எத்தனை வருடமாகப் பார்க்கவில்லை என்று தெரியவில்லை. பெயின்டைப் பார்த்தேன். மல்லப்பன் மரியாதையாகத்தான் சொல்லியிருக்கிறான், பசுவின் உடம்பில் திட்டுகள் இதைவிட அழகாக இருக்கும். பட்டி வைத்துத் தேய்த்த இடமெல்லாம் அலை அலையாக நிற்கிறது. ஜன்னல் ரப்பர் இரண்டு இடத்தில் வெளியே தொங்குகிறது. கட்டிலின் மூலைகள் பொருந்தவில்லை. ஒரு பக்கத்து இடைவெளியில் சுண்டுவிரல் போகிறது. இதையெல்லாம் தினமும் தடவிப் பார்த்து நன்றாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். தரைத் தகட்டில் மட்டும் குறை கண்டுபிடிக்க முடியவில்லை. மண்டியிட்டு ஒவ்வொரு ரிவெட்டாகப் பார்த்துவிட்டேன்.

மண்டியிடக்கூடாதாம். குனியக்கூடாது, கனம் தூக்கக்கூடாது, தூசியில் நிற்கக்கூடாது, ஆறு வாரம். பார்வை வந்த ஆளை இத்தனை கோணலுக்கு நடுவில் சும்மா உட்காரச் சொல்கிறார்கள். நேற்றே உப்புத்தாளைக் கையில் எடுத்துவிட்டேன். வண்டி திறந்திருந்தால் நான் சும்மா இருக்கமாட்டேன் என்று தெரிந்துதான் பூட்டிச் சாவியை உனக்கு அனுப்புகிறேன். அதை எப்போது திருப்பித் தருவது என்று டாக்டரைக் கேட்டு நீ முடிவு செய். நான் கேட்கமாட்டேன்.

இன்னொரு விஷயம். சொட்டு மருந்து ஒரு நாளைக்கு ஆறு வேளை. வெல்டிங், ஒயரிங், தச்சு, குழாய் வேலை எல்லாம் ஒருவரும் சொல்லித்தராமல் நானே கற்றேன். இது மட்டும் எனக்கு வரவில்லை. பாட்டிலைத் தூக்கினாலே கண் தானாக மூடிக்கொள்கிறது. மருந்து கன்னத்தில் வழிகிறது. காலையில் பசம்மா ஊற்றிவிடுகிறாள். பூ கட்டிய ஈரக் கையாலேயே இமையைப் பிரித்துப் பிடிக்கிறாள். நன்றாகத்தான் ஊற்றுகிறாள். மற்ற ஐந்து வேளையும் கன்னத்துக்குத்தான்.

நீ வர வேண்டும் என்று நான் எழுதவில்லை.

இங்கே வீட்டில் ஓர் அறைதான். வண்டியில் கட்டில் இருக்கிறது. வலது பக்கத்தில் போட்டிருக்கிறேன். மாப்பிள்ளை என்னிடமும் அதையேதான் சொன்னார்.

அண்ணன்,
அமலதாஸ்


குண்டலுபேட்டையிலிருந்து வரும் பஸ்ஸில்
6 ஏப்ரல் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

பேசினால் சண்டை வரும் என்று எழுதி எடுத்து வருகிறேன். கதவைத் திறந்ததும் இதை முதலில் படியுங்கள். பஸ் குலுக்கலில் எழுத்து கோணலாக இருக்கிறது, அதற்கு ஒன்றும் சொல்லக்கூடாது.

பசம்மாவின் கையை இனி கண் பக்கம் விடாதீர்கள். தங்கமான கையாக இருக்கலாம், சோப்புப் போடாத கை. பதினோரு மணி வேளைக்கு நான் வந்துவிடுவேன். கண்ணைக் கசக்காமல் மல்லாந்து படுத்திருங்கள். கண் மூடிக்கொள்வது உங்கள் குற்றம் இல்லை, எல்லோருக்கும் மூடும். இன்னொருவர் ஊற்ற வேண்டிய மருந்து அது.

கட்டிலில் நான் படுத்துக்கொள்கிறேன். சுண்டுவிரல் போகும் இடைவெளியில் துணி அடைத்துக்கொள்வேன். உப்புத்தாள் எங்கே இருக்கிறது என்று வந்ததும் சொல்லிவிடுங்கள். தேடவிட்டால் வருத்தப்படுவீர்கள்.

ஆர்.சி. புத்தகம் பையில் இருக்கிறது. சாவியும் அதே பையில் இருக்கிறது. இரண்டு கண்ணும் ஆறி, அந்தச் சின்ன டாக்டர் ஓட்டலாம் என்று காகிதத்தில் எழுதிக் கொடுக்கும் அன்று இரண்டையும் உங்கள் கையில் வைப்பேன். முதல் நாள் குண்டலுபேட்டை வரை போதும். மலைப்பாதையை அங்கே ஒரு ராத்திரி தங்கி யோசிப்போம்.

நீங்கள் ஓட்டுங்கள். நான் முன்னால் உட்காருகிறேன்.

ஜூலி